வெக்கையில் வளர்ந்த ஈ ஏன் சிறுக்கிறது? வன்னியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சில வருடங்களாக ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளோடும் சேர்ந்து பழ ஈக்களைப் போத்தலில் வளர்த்து, ஒரு போத்தலைக் குளிர்ச்சியிலும் இன்னொன்றை வெக்கையிலும் வைத்து, வெளிவரும் ஈக்களை அளந்து பார்க்கிறோம். போத்தல்களைக் கண்ட அயலவரும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தொண்டை காயச் சொல்வதை விட எழுதிவைப்பது மேல் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

பிள்ளை, இது மாங்காய்க்குள் புழு வைக்கிற ஈதானே? அதைப் போய் ஏன் வளர்க்கிறீர்கள்?

இல்லை ஐயா. இரண்டையும் பழ ஈ என்றே சொல்வதால் வந்த குழப்பம். மாம்பழத்தையும் பாகற்காயையும் கெடுப்பது வீட்டு ஈ அளவு பருமன் உள்ளது. நல்ல காயைத் துளைத்து உள்ளே முட்டையிடும். நாங்கள் வளர்ப்பது இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீளமான, சிவந்த கண் உள்ள குட்டி ஈ. கனிந்து புளித்த வாழைப்பழத்தைச் சுற்றியும், தவறணையில் கள்ளு முட்டியின் வாயிலும் மொய்ப்பது இதுதான். நல்ல பழத்தை இது தீண்டுவதில்லை. அழுகும் பழத்தில் பெருகும் மதுவம், அதாவது ஈஸ்ட்தான் இதன் சாப்பாடு.

அறிவியலில் இதன் பெயர் துரோசோபிலா. இந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் துரோசோபிலா மெலனோகாஸ்டர் உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் இருக்கிறது. அமெரிக்க மரபியலாளர் தோமஸ் ஹன்ட் மோர்கன் 1910இல் வெள்ளைக் கண் உள்ள ஓர் ஆண் ஈயைக் கண்டெடுத்த கதையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வெப்பவலய நாடுகளின் வீடுகளிலும் சந்தைகளிலும் துரோசோபிலா அனனாசே என்ற வெளிறிய இனமும் தாராளமாகக் கிடைக்கும்.

வெக்கையில் வளர்ந்தால் ஈ சிறியதாகும் என்கிறீர்கள். வெயில் பட்டால் எதுவும் நன்றாக வளரும் என்றல்லவா நாங்கள் நினைத்தோம்?

விரைவாக வளரும், ஆனால் பெரிதாக வளராது. 25 பாகை செல்சியசில் மெலனோகாஸ்டர் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏறத்தாழ பத்து நாள் போதும். 18 பாகையில் அதுவே கிட்டத்தட்ட இரட்டிப்பு, பத்தொன்பது இருபது நாள். ஆனால் அந்த இருபது நாள் ஈ உடலிலும் சிறகிலும் பெரியது. 18 பாகை ஈயையும் 29 பாகை ஈயையும் பக்கத்தில் வைத்தால் சிறகு நீளத்தில் பத்திலொரு பங்கோ சற்றுக் கூடவோ வித்தியாசம் தெரியும்.

குளிர் இரத்தப் பிராணிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் அல்ல, சில வெட்டுக்கிளிகள் எதிர்மாறாக நடக்கின்றன.

அது ஏன் அப்படி?

குடம்பிப் பருவத்தில், அதாவது முட்டையிலிருந்து வந்த புழுப் பருவத்தில், இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. ஒன்று தின்று பருப்பது. மற்றது அடுத்த கட்டத்துக்கு முதிர்வது. வெப்பம் கூடினால் இரண்டும் வேகமெடுக்கும், ஆனால் முதிர்வது பருப்பதை விடக் கூடுதலாக வேகமெடுக்கும். எனவே வெக்கையில் வளரும் குடம்பி வயிறு நிறையும் முன்பே கூட்டுப்புழுவாகிவிடுகிறது. சோறு வேகும் முன் பந்தியை எழுப்பிவிட்டது போல.

சிறகை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இன்னொன்று தெரியும். சிறகின் ஒவ்வொரு கலத்துக்கும் (செல்லுக்கும்) ஒரு நுண்மயிர் உண்டு. மயிரை எண்ணினால் கலத்தை எண்ணியதாகும். குளிரில் வளர்ந்த சிறகில் கலங்களின் எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை, ஒவ்வொரு கலமும் பெரிதாக இருக்கிறது. கலம் ஏன் குளிரில் பெருக்கிறது என்பதற்கு ஒட்சிசன் தேவையைக் காட்டுவோரும் உண்டு, ஓமோன்களைக் காட்டுவோரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சாப்பாடு போதாமல் சிறுத்திருக்கலாம் அல்லவா?

மிகச் சரியான சந்தேகம். ஒரு போத்தலில் முந்நூறு குடம்பி நெருக்கியடித்தால் எந்த வெப்பநிலையிலும் ஈ சிறுத்துத்தான் வரும். எங்கள் முதல் வருடத்து அளவுகள் முழுவதையும் நான் குப்பையில் போட்டதற்கு இதுவே காரணம். வெக்கைப் போத்தலில் தாய் ஈக்கள் கூடுதலாக முட்டையிட்டிருந்தன. நாங்கள் அளந்தது வெக்கையை அல்ல, நெரிசலை. இப்போது ஒவ்வொரு போத்தலுக்கும் முப்பது முட்டை என்று எண்ணித்தான் வைக்கிறோம். ஈரமான தூரிகை நுனியால் முட்டையை எடுக்கும்போது மூச்சை அடக்க வேண்டும்.

வளர்ந்த ஈயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பெருக்குமா?

பெருக்காது, விறைத்துப்போய் விழும். கூட்டை விட்டு வெளிவந்த ஈ அதற்குப் பிறகு வளர்வதே இல்லை. அதன் மேலோடு சில மணி நேரத்தில் இறுகி நிறமேறிவிடும். பிறகு உடையைத் தளர்த்த வழியில்லை. வீட்டில் பறக்கும் குட்டி ஈயைப் பார்த்து "இது குஞ்சு, அது தாய்" என்று சொல்வார்கள். இரண்டும் முழு ஈக்கள்தான். சிறியது வெக்கையிலோ பட்டினியிலோ வளர்ந்திருக்கும், அல்லது ஆணாக இருக்கும்.

ரீச்சர், நான் இரண்டு ஈயை அளந்தேன். குளிரில் வளர்ந்தது சிறியதாக இருக்கிறது. உங்கள் விதி பிழை.

குளிர்ப் போத்தலில் ஆணையும் வெக்கைப் போத்தலில் பெண்ணையும் எடுத்திருக்கிறாய். எப்போதும் பெண்தான் பெரியது. மெலனோகாஸ்டர் ஆணின் வயிற்று நுனி உருண்டு கறுத்திருக்கும். பெண்ணுடையது கூராக, பட்டை பட்டையாக இருக்கும். பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிடு. ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது இருபது ஈ வேண்டும். இரண்டு ஈயை வைத்து விதியை உடைக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.

வன்னியில் 18 பாகைக்கு எங்கே போவது? வீட்டில் இதைச் செய்ய முடியுமா?

18 பாகை கிடைக்காது, ஆசைப்பட வேண்டாம். மார்கழி இரவிலும் எங்கள் முற்றம் அந்தப் பக்கம் போவது அரிது. 22க்கும் 29க்கும் இடையில் உள்ள வித்தியாசமே கண்ணுக்குத் தெரியப் போதுமானது.

29 பாகை சும்மா கிடைக்கும். ஓட்டுக் கூரை அறையில் நிலத்தோடு ஒரு மூலை. 22க்கு ஒரு ரிஜிபோம் பெட்டி, மீன்காரர்கள் வைத்திருப்பது போன்றது, மூடியோடு. உள்ளே உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டு. காலை, மதியம், இரவு மாற்ற வேண்டும். ஈப் போத்தல் ஐஸ் போத்தலில் முட்டக் கூடாது. நடுவில் மடித்த துவாய் ஒன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈர மணல் கொட்டினாலும் பல பாகை இறங்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த வித்தை பலிக்காது. வெப்பமானியைப் பெட்டியின் மூடியில் ஒட்டாமல் போத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம். ஒரு சித்திரை விடுமுறையில் அங்கே மறந்து வைத்த பன்னிரண்டு போத்தலில், கண்ணாடியில் ஒட்டிய கபில நிறக் கூடுகள் மட்டும் மிஞ்சின. ஒன்றிலிருந்தும் ஈ வரவில்லை.

உணவுக்கு மசித்த கதலிப்பழமும் ஒரு சிட்டிகை பாண் ஈஸ்டும் போதும். வாயைப் பஞ்சால் அடையுங்கள். எல்லா முட்டையும் ஒரே தாயின் முட்டையாக இருப்பது நல்லது. தவறணையில் பிடித்த கூட்டத்தில் இரண்டு, மூன்று இனங்கள் கலந்திருக்கும். அளக்கும் நாளில் ஈயைச் சில நிமிடம் ஐஸ் மேல் வைத்தால் அசையாது. சிறகை நுனி இடுக்கியால் எடுத்து, செலோ டேப்பில் பதித்து, கண்ணாடித் துண்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் மில்லிமீற்றர் அடிமட்டம் தெரியக் கைவில்லை வழியாகக் கைபேசியில் படம் பிடித்தால், பெரிதாக்கி அளக்கலாம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அந்தச் சிறகு வெங்காயச் சருகு போல நிறம் நிறமாக மின்னும். பிள்ளைகள் அளக்க மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் விட்டுவிடுவேன்.

அளவு மட்டும்தானா மாறுகிறது? என் குளிர்ப் போத்தல் ஈக்கள் கறுப்பாக வேறு இருக்கின்றன.

நன்றாகப் பார்த்திருக்கிறாய். குளிரில் வளர்ந்த பெண் ஈயின் வயிற்றின் பின் கண்டங்கள் கறுக்கும். வெக்கையில் வளர்ந்தது மஞ்சளாக வரும். ஆணில் பார்க்காதே, அதன் நுனி எப்போதும் கறுப்பு. மெலனோகாஸ்டர் என்றாலே கிரேக்கத்தில் கருவயிறு என்று பொருள். கருமை வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் குளிர் நாட்டில் அது உதவும் என்பது வழக்கமான விளக்கம். உடலுக்குள் நடப்பது என்னவென்றால், நிறமி செய்வதில் பங்குள்ள பரம்பரையலகுகள் (ஜீன்கள்) சில வெப்பநிலைக்கு ஏற்பக் கூடவோ குறையவோ வேலை செய்கின்றன. 'டான்' என்று பெயரிட்ட ஒன்று குளிரில் மும்முரமாகிறது.

நிறம் பெரும்பாலும் கூட்டுப்புழுப் பருவத்து வெப்பநிலையைக் கேட்கிறது. உடல் அளவோ தின்னும் குடம்பிப் பருவத்தில் பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஆகவே வெக்கையில் தின்னவிட்டு, கூடு கட்டியதும் பெட்டிக்குள் மாற்றினால் சிறிய கறுப்பு ஈ கிடைக்க வேண்டும். ஒரு மாணவி செய்து பார்த்தாள், கிடைத்தது. அன்று வகுப்பில் நான் பேசத் தேவைப்படவில்லை.

சிறகும் உடலும் ஒரே அளவில் கூடுமா?

இல்லை. குளிரில் உடலை விடச் சிறகு அதிக விகிதத்தில் நீள்கிறது. சிறகு நீளத்தை மார்பு நீளத்தால் வகுத்தால் குளிர் ஈயின் எண் கூடுதலாக வரும். குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சிறகடிக்கும். ஆகவே அகலமான சிறகு உடல் எடையைத் தாங்க உதவுகிறது என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் உடலில் காணும் மாற்றம் எல்லாம் ஏதோ ஒரு நன்மைக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வெறுமனே வேதியியலின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.

அப்படியானால் குளிரக் குளிர எல்லாமே கூடிக்கொண்டே போகுமா?

போகாது. பெண் ஈயின் சூலகத்தில் முட்டை உருவாகும் குழாய்களின் எண்ணிக்கை நடுவெப்பநிலையில், மெலனோகாஸ்டரில் 22 பாகைக்கு அண்மையில், உச்சம் தொட்டு இரு பக்கமும் இறங்குகிறது. உடல் நீளமும் மிகக் குளிரில் திரும்ப இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு இயல்புக்கும் அதற்கென ஒரு கோடு உண்டு. சில சரிவு, சில மேடு. வெப்பநிலையை ஓர் அச்சிலும் இயல்பை மற்ற அச்சிலும் இட்டு வரையும் இந்தக் கோட்டுக்கு ஆங்கிலப் புத்தகங்களில் 'நோம் ஒஃப் ரியாக்‌ஷன்' என்று பெயர். ஜெர்மானியரான ரிச்சர்ட் வோல்ட்டரெக் 1909இல் நீர்த்தெள்ளுகளை வைத்து உருவாக்கிய கருத்து. நான் வகுப்பில் 'மறுமொழிக் கோடு' என்கிறேன்.

ஈ உயிரோடுதான் இருக்கிறது, முட்டையும் இருக்கிறது. ஏன் ரீச்சர் ஒன்றும் பொரிக்கவில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படியுங்கள். அளவும் நிறமும் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். வன்னி போன்ற ஓர் இடத்தில் ஈயின் பிழைப்பைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று: ஆணின் விந்து. ஐரோப்பாவில் பிடித்த மெலனோகாஸ்டரை 30 பாகையில் வளர்த்தால் ஆண்கள் மலடாகிவிடுகின்றன. ஈ நன்றாக இருக்கும், பறக்கும், பெண்ணைச் சுற்றிச் சிறகை அதிர்த்துப் பாட்டும் பாடும். உள்ளே விந்துக்கலங்கள் ஒழுங்காக நீண்டு முதிர்ந்திருக்காது.

வெப்பவலயத்து ஆண்களுக்கு இந்த எல்லை ஏறத்தாழ ஒரு பாகை மேலே இருக்கிறது. ஒரு பாகைதானே என்று நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 35ஐத் தொடும் ஊரில் அந்த ஒரு பாகைக்கு விலை உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாங்கும் திறனில் கணிசமான பங்கு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வை (Y) நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. நாங்கள் அதைப் பாடத்தில் பரம்பரையலகுகள் குறைந்த ஒன்று என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

உன் போத்தலை என்ன செய்வது? ஆண்களைப் பெட்டிக்கு மாற்றி ஒரு வாரம், பத்து நாள் பொறு. வெப்பம் எல்லையை அதிகம் தாண்டியிருக்காவிட்டால் புதிய விந்து உருவாகி வளம் திரும்பும். மேலே சொன்ன உடல் அளவு திரும்பாது, இது திரும்பும்.

அப்படியானால் வன்னியில் ஈயே இருக்கக் கூடாதே? எங்கள் வீட்டில் கூட்டமாக இருக்கிறதே?

ஈ வாழ்வது வானிலை அறிக்கையில் இல்லை, பழத்துக்குள். பாலைப்பழ காலத்தில் காட்டுக்குள் மர நிழலில், சருகுக்கு அடியில் விழுந்து கிடக்கும் பழத்தையும், வீதியோரக் கடையில் வெயிலில் குவித்த பழத்தையும் தொட்டுப் பாருங்கள். கையே சொல்லிவிடும். வெயில் படும் பழத்தின் உள்வெப்பம் காற்றை விடப் பல பாகை ஏறும். அதற்குள் இருக்கும் குடம்பிக்குத் தப்ப வழியில்லை. கிணற்றடி வாழையின் கீழும், குடத்தடியிலும், சமையலறை மூலையிலும் நிலைமை வேறு. வளர்ந்த ஈக்களும் விடியலிலும் அந்தியிலும்தான் மும்முரம், நடுப்பகலில் ஒதுங்கிவிடும். ஆவணியில் பனம்பழம் விழும்போது வடலிக்குள் போய்ப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். நிழல் பக்கத்துப் பழத்தில் மேகம் போல் ஈ, வெயில் பக்கத்துப் பழத்தில் எறும்பு.

வெக்கையில் சிறுத்த ஈயின் பிள்ளைகளும் சிறியனவாகப் பிறக்குமா? அப்படியென்றால், வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்று லாமார்க் சொன்னது சரிதானே?

சிறுத்த தாயின் முட்டையை 22 பாகையில் வளர்த்தால் பெரிய ஈதான் வருகிறது. தாயின் வெப்பநிலையால் சிறு பாதிப்புகள் ஒரு தலைமுறைக்கு எட்டுவதுண்டு, ஆனால் அளவின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பிள்ளை வளர்ந்த இடம்தான். கடத்தப்படுவது அளவு அல்ல, மேலே சொன்ன மறுமொழிக் கோடு.

அந்தக் கோடு கூர்ப்பில், அதாவது பரிணாமத்தில், மாறும். இந்தியாவின் தெற்கிலும் வடக்கிலும் பிடித்த மெலனோகாஸ்டரை ஒரே வெப்பநிலையில் வளர்த்தால் வடக்கின் ஈ பெரியதாக வருகிறது. அந்த வித்தியாசம் பரம்பரையில் இருக்கிறது. எவ்வளவு விரைவாக மாறும் என்பதற்கு நல்ல சாட்சி ஐரோப்பிய இனமான துரோசோபிலா சப்ஒப்ஸ்கூரா. 1978இல் சிலியில் முதன்முதலாகக் காணப்பட்டது, பிறகு வட அமெரிக்காவிலும் பரவியது. இருபது வருடத்துக்குள், வடக்கே போகப் போகப் பெண் ஈயின் சிறகு நீளும், ஐரோப்பாவில் உள்ள அதே ஒழுங்கு அங்கும் வந்துவிட்டது.

ஈயின் அளவில் பரம்பரை எத்தனை வீதம், வெப்பநிலை எத்தனை வீதம்?

கள்ளின் சுவையில் பனை எத்தனை வீதம், சீவுபவரின் கை எத்தனை வீதம்? ஒரு முட்டிக் கள்ளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பல மரம், பல கை இருந்தால், முட்டிக்கு முட்டி உள்ள வித்தியாசத்தில் எது எவ்வளவு என்று கணக்கிடலாம். ஈயிலும் அப்படியே. அந்தக் கணக்கும் கிளிநொச்சியில் ஒரு மாதிரியும் குளிரான நுவரெலியாவில் வேறு மாதிரியும் வரும், ஏனென்றால் இரண்டு குடும்பத்து ஈக்களின் மறுமொழிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாம்: 20 பாகையில் பெரியதாக இருந்த குடும்பம் 30இல் சிறியதாகிவிடும். பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி தருவார்களா என்று கேட்காதீர்கள்.

குளத்து முதலைக்கு முட்டை வெப்பத்தைப் பொறுத்து ஆண், பெண் மாறுமாமே. ஈக்கும் அப்படியா?

முதலைக்கு உண்மை. முல்லைத்தீவுக் கடற்கரையில் முட்டையிடும் ஆமைக்கும் உண்மை. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். ஈக்கு இல்லை. அதன் பால் நிறமூர்த்தத்தால் கருக்கட்டும்போதே முடிவாகிவிடும்.

என் இரண்டு போத்தலுக்கும் சராசரி 28 பாகைதான். ஒன்று அறைக்குள், மற்றது விறாந்தையில். ஈக்கள் ஏன் வேறாக இருக்கின்றன?

சராசரி பொய் சொல்லும். அறைப் போத்தல் இரவும் பகலும் 28ஐ ஒட்டியே நின்றது. விறாந்தைப் போத்தல் இரவில் 23, பகலில் 34. மறுமொழிக் கோடு நேர்கோடாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அது வளைந்தது என்று முன்பே பார்த்தோம். 34இல் கழித்த நான்கு மணி நேரத்தின் சேதத்தை 23இல் கழித்த நான்கு மணி நேரம் ஈடுசெய்யாது, முக்கியமாக ஆணின் விந்தில். சராசரியோடு உச்சத்தையும் தாழ்வையும் கொப்பியில் எழுதுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வெக்கை கூடுகிறது. இன்னும் ஐம்பது வருடத்தில் இந்த ஈ கடுகு அளவில் நிற்குமா?

கடுகாகாது, அவ்வளவு சிறுப்பதற்கு முன் வேறு ஒன்று முந்திக்கொள்ளும். குளிர் நாட்டு ஈக்கு மேல் எல்லை வரை நிறைய இடம் இருக்கிறது. வெப்பவலய ஈ ஏற்கனவே கூரையில் தலை முட்டும் உயரத்தில் நிற்கிறது. சிறகு நீளம் இருபது வருடத்தில் மாறியதைச் சொன்னேன். வெப்பம் தாங்கும் மேல் எல்லை அவ்வளவு இலகுவில் நகர்வதில்லை. ஆகவே நான் கவனிப்பது அளவை அல்ல, ஆண்களை.

செய்முறை எளிது. வைகாசி நடுப்பகுதியில் தவறணையடியில் பிடிக்கும் ஒவ்வோர் ஆணையும் தனிப் போத்தலில், கூட்டிலிருந்து வந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுத்த ஒரு கன்னிப் பெண்ணோடு விட வேண்டும். மார்கழியிலும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். எத்தனை போத்தலில் குடம்பி நெளிகிறது, எத்தனையில் முட்டை காய்ந்து கிடக்கிறது என்று எண்ணினால் போதும். தவறணைக்காரர் முதல் நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது ஈ கூடிய முட்டியை எனக்காக ஒதுக்கி வைக்கிறார்.